மடியில் துப்பாக்கி: அனுமதிக்கு முன் தேர்வு வேண்டாமா?

(டில்லியில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குடிநீர், வீட்டு வாடகை, பள்ளிகளில் தமிழ், ரேஷன் அட்டை என்று பேசிப் பழகிய மேடை இது. இங்கே துப்பாக்கியைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பிழைப்புத் தேடி வடக்கே வந்த தமிழன் கையில் எடுத்தது தட்டச்சு இயந்திரமும் கரண்டியும் கணக்குப் புத்தகமுமே அன்றித் துப்பாக்கி அல்ல. ஆனாலும் இரண்டு காரணங்களுக்காக இதைப் பேச வேண்டியிருக்கிறது. இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் பலருக்கு மகனோ மகளோ, தம்பி பிள்ளையோ அமெரிக்காவில் இருக்கிறார்கள். அவர்கள் காய்கறி வாங்கப் போகும் கடையில் பக்கத்தில் நிற்பவருடைய சட்டைக்குள் குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கி இருக்கலாம். அது சட்டப்படி முற்றிலும் சரி. இது ஒரு காரணம். மற்றொன்று, நாம் வாழும் இந்த வட்டாரத்தில் கல்யாண காலம் வந்து விட்டால், மாப்பிள்ளை ஊர்வலத்தில் வானத்தை நோக்கிச் சுடும் வழக்கம். மேலே போன குண்டு கீழே வராமல் அங்கேயே தங்கி விடுமா? மாடியில் நின்று வேடிக்கை பார்த்த பிள்ளைகள் மாண்ட செய்தியை ஆண்டுதோறும் பத்திரிகைகளில் படிக்கிறோம்.

சுட்டவர்களில் பலர் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள். அந்த லைசென்ஸ் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது, கொடுக்குமுன் அவர்களிடம் என்ன கேட்டார்கள் என்ற கேள்வி அங்கும் உண்டு, இங்கும் உண்டு. அமெரிக்காவில் இதை வெளிப்படையாக, நீதிமன்றம் ஏறி, சட்டசபை ஏறி வாதாடியிருக்கிறார்கள். அதனால் அங்கிருந்து தொடங்குவோம்.

அந்நாட்டில் துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பது ஒன்று, வெளியே எடுத்துப் போவது வேறொன்று. எடுத்துப் போவதிலும், பார்ப்பவர் கண்ணில் படும்படி தொங்கவிட்டுக் கொண்டு போவது ஒரு வகை; உடைக்குள்ளோ கைப்பைக்குள்ளோ மறைத்துக் கொண்டு போவது மற்றொரு வகை. மறைத்துக் கொண்டு போவதற்குத் தரும் அனுமதிச் சீட்டைப் பற்றித்தான் நம் பேச்சு. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பது நம் பழமொழி. அங்கே வழியில் பயம் என்பதற்காகவே மடியில் கனத்தை வைத்துக் கொள்கிறார்கள். இப்படிச் சீட்டு வாங்கியவர்கள் இரண்டு கோடிப் பேருக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள்.

அந்தச் சீட்டைக் கொடுக்குமுன், பயிற்சி பெற்றாயா, சுட்டுக் காட்டு பார்க்கலாம், எப்போது சுடக் கூடாது என்று தெரியுமா, என்றெல்லாம் கேட்க வேண்டுமா, வேண்டாமா? கேட்க வேண்டும் என்பதே நாங்கள் வந்த முடிவு. அதை முதலிலேயே சொல்லி விடுகிறோம். ஆனால் எப்படிக் கேட்பது, யார் கேட்பது, எவ்வளவு காசு வாங்கிக் கொண்டு கேட்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஐம்பது மாநிலங்கள், ஐம்பது சட்டம். வெர்மான்ட் மாநிலத்தில் அனுமதிச் சீட்டு என்ற பேச்சே என்றும் இருந்ததில்லை. புளோரிடா 1987-இல், குற்றப் பின்னணி இல்லாத, பயிற்சிச் சான்று காட்டுகிற எவருக்கும் சீட்டு கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் செய்தது. அதைப் பார்த்துப் பல மாநிலங்கள் அவ்வழி சென்றன. டெக்சாஸ் 1995-இல் சட்டம் இயற்றியபோது பத்து முதல் பதினைந்து மணி நேர வகுப்பு கேட்டது. 2013-இல் அது நான்கு முதல் ஆறு மணி நேரமாகச் சுருங்கிற்று. அத்துடன் 50 தோட்டாக்களை மூன்று, ஏழு, பதினைந்து கஜ தூரத்திலிருந்து சுட்டு, நூற்றுக்கு எழுபது வாங்கிக் காட்ட வேண்டும். 2021 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து சீட்டே தேவையில்லை என்றாயிற்று. பயிற்சியும் பரீட்சையும் இன்னும் இருக்கின்றன, விரும்பினவர் போகலாம். நம் ஊரில் ஹெல்மெட் போடுவது போல.

புளோரிடாவும் 2023 ஜூலையில் இந்தப் பக்கம் வந்து விட்டது. 2024-இல் லூசியானாவும் தென் கரோலினாவும் சேர்ந்தபோது, சீட்டில்லாமலே மறைத்துக் கொண்டு போகலாம் என்னும் மாநிலங்கள் 29 ஆயின. பெனிசில்வேனியா போன்ற சில இடங்களில் சீட்டு உண்டு, பயிற்சி இல்லை. பெயரைச் சொல், பணத்தைக் கட்டு, பழைய வழக்கு ஏதும் இல்லையென்றால் வாங்கிக் கொண்டு போ.

மறுகோடியில் இல்லினாய் இருக்கிறது. மறைத்துக் கொண்டு போக எவரையும் விடாத கடைசி மாநிலம் அது. 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்று சொன்ன பிறகு, 2013-இல் வேறு வழியின்றிச் சட்டம் செய்தார்கள். பதினாறு மணி நேரம் வகுப்பு. ஐந்து, ஏழு, பத்து கஜத்திலிருந்து பத்துப் பத்தாக 30 தோட்டாக்கள். நூற்றுக்கு எழுபது தேர்ச்சி. நியூயார்க் 2022-இல் பதினாறு மணி நேர வகுப்பு, இரண்டு மணி நேரம் சுடும் பயிற்சி, எழுத்துத் தேர்வில் நூற்றுக்கு எண்பது என்று வைத்தது. கலிபோர்னியாவும் 2024 முதல் பதினாறு மணி நேரம் கேட்கிறது. ஆக, ஒரே நாட்டில் ஒரு மாநிலத்து எல்லையைத் தாண்டினால் இரண்டு முழு நாள் படிப்பு. அடுத்த எல்லையைத் தாண்டினால் ஒன்றுமே இல்லை.

இதில் ஒரு விசித்திரத்தைப் பாருங்கள். 2004-இல் அமெரிக்க மத்திய அரசு, ஓய்வு பெற்ற போலீசார் நாட்டில் எங்கும் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம் என்று ஒரு சட்டம் கொண்டு வந்தது. ஆனால் ஒரு நிபந்தனை. கடந்த பன்னிரண்டு மாதத்துக்குள் சுடும் தேர்வில் தேறியிருக்க வேண்டும். முப்பது ஆண்டு துப்பாக்கியோடு வேலை பார்த்தவரை, ஆண்டுதோறும் வந்து சுட்டுக் காட்டு என்கிறார்கள். நேற்றுக் கடையில் முதல் துப்பாக்கி வாங்கிய மளிகைக்காரரை 29 மாநிலங்களில் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. கை மறந்து போகும் என்பது போலீசுக்குத் தெரிகிறது, சட்டசபைக்குத் தெரியவில்லை.

பயிற்சி என்றவுடன் குறி பார்த்துச் சுடுவதுதான் எல்லோர் நினைவுக்கும் வரும். பட்டாளத்தில் இருந்து வந்த நம் உறுப்பினர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆரம்பத்தில் சுடவே விட மாட்டார்கள் என்பார்கள். பிரிப்பது, துடைப்பது, மாட்டுவது. குழலின் வாய் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும். சுடுவதற்கு முடிவு செய்யும் வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே குண்டு இல்லை என்று சொன்னாலும் திறந்து பார்த்து விட்டுத்தான் கையில் வாங்க வேண்டும். இவ்வளவும் ஊறிய பிறகுதான் சுடும் களம். மறைத்து வைத்துக் கொள்கிறவனுக்கு இதெல்லாம் இன்னும் அதிகமாகத் தேவை. பட்டாளத்துக்காரன் துப்பாக்கியைக் கொட்டடியில் ஒப்படைத்து விட்டுச் சாப்பிடப் போகிறான். இவனோ அதோடு சாப்பிடுகிறான், பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வருகிறான், கழிப்பறைக்குப் போகிறான்.

மறைத்து வைத்த பொருள் பிறர் கண்ணுக்கு மறைவதோடு நிற்பதில்லை, வைத்தவன் நினைவிலிருந்தும் மறைந்து விடுகிறது. அமெரிக்க விமான நிலையங்களில் சோதனைச் சாவடியில் 2023-ஆம் ஆண்டு பயணிகளின் கைப்பைகளிலிருந்து பிடித்த துப்பாக்கிகள் 6,737. அவற்றில் நூற்றுக்கு 93 குண்டு நிரப்பியவை. அவர்களெல்லாம் விமானத்தைக் கடத்த வந்தவர்களா? பெரும்பாலோர் சொல்லும் பதில், பையில் இருந்ததை மறந்து விட்டேன் என்பதுதான். குண்டு நிரப்பிய துப்பாக்கி பையில் இருப்பதை ஒருவர் மறக்கிறார் என்றால், அவர் குறி தவறாமல் சுடுவாரா என்பது இரண்டாவது கேள்வி.

2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தில் ஒரு பெரிய கடையில், தாயின் கைப்பையில் இருந்த துப்பாக்கியை இரண்டு வயதுக் குழந்தை எடுத்து விட்டது. அந்தத் தாய் அங்கேயே இறந்தார். அவரிடம் அனுமதிச் சீட்டு இருந்தது. துப்பாக்கி அவருக்குப் புதிதும் அல்ல. சுடத் தெரிவது வேறு, வைத்திருக்கத் தெரிவது வேறு என்பதற்கு இதைவிடக் கொடிய எடுத்துக்காட்டு தேவையில்லை. கைப்பையை உடலை விட்டுப் பிரிக்கலாமா, குழந்தை இருக்கும் வண்டியில் வைக்கலாமா, விசையை முழுதும் மூடும் உறை எது, துப்பாக்கிக்கு அனுமதி இல்லாத கட்டடத்துக்குள் போகும்போது காரில் விட்டு விட்டுப் போனால் திருடன் எப்படி எடுப்பான் என்பதையெல்லாம் சொல்லாத வகுப்பு, பதினாறு மணி நேரம் நடந்தாலும் வகுப்பு ஆகாது.

கூட்டத்தின் நடுவே சுடுவதைப் பற்றியும் ஒரு சொல். கெட்டவன் கையில் துப்பாக்கி இருந்தால் அவனை நிறுத்த நல்லவன் கையிலும் துப்பாக்கி வேண்டும் என்று அங்கே மேடைதோறும் முழங்குகிறார்கள். 2012 ஆகஸ்டில் நியூயார்க்கில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் முன்னால் ஒருவனைக் கொன்று விட்டு நடந்து போன கொலையாளியை இரண்டு போலீசார் மடக்கினார்கள். அவன் துப்பாக்கியை நீட்டவே, பதினாறு குண்டுகள் சுட்டு அவனைக் கொன்றார்கள். சுற்றிலும் ஒன்பது பேர் காயமுற்றனர். ஒன்பது பேரும் போலீசாரின் குண்டுகளாலும் அவற்றின் சிதறல்களாலும் அடிபட்டவர்கள். அந்நகரப் போலீசைப் பற்றி 2008-இல் வந்த ஒரு ஆய்வு, எதிராளியும் திருப்பிச் சுடும் மோதல்களில் போலீசார் சுட்டதில் நூற்றுக்குப் பதினெட்டுத்தான் பட்டது என்று கணக்கிட்டது. சம்பளம் கொடுத்து, தோட்டா கொடுத்து, ஆண்டுதோறும் பழக்குகிற கைகளின் நிலை இது. பழகாத கை என்ன செய்யும்?

இதனால் ஒரு நாள் வகுப்பு வைத்தால் கொலை குறைந்து விடும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் 2021-இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தம்மைத் தாமே சுட்டுக் கொண்டவர்கள். இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர் கொலையுண்டவர்கள். கைதவறி வெடித்து இறந்தவர்கள் 549. கொலைகாரன் வகுப்புக்குப் போவதில்லை. வாழ்வை வெறுத்தவனுக்குக் குறி பார்க்கத் தெரிய வேண்டியதில்லை. பயிற்சியின் எல்லை அதுதான். கையில் வைத்திருப்பவனின் அறியாமையால் பக்கத்தில் நிற்பவன் சாகக் கூடாது என்பதற்கு மட்டுமே அது. 549 என்பதைச் சிறிய எண் என்று சொல்லக் கூடியவர்கள் அந்த 549 வீடுகளில் இல்லை.

சரி, மறுக்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள்? அவர்களை வெறும் துப்பாக்கி வியாபாரிகள் என்று ஒதுக்கி விடுவது எளிது. நம்மில் இடதுசாரிச் சிந்தனை உள்ள இளைஞர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அவர்கள் வாதத்தில் ஒரு பகுதி நம்மைப் போன்ற குடியேறிகளுக்கு நெஞ்சில் தைக்க வேண்டியது.

நியூயார்க்கில் 1911-இல் சல்லிவன் என்ற அரசியல்வாதியின் பெயரால் ஒரு சட்டம் வந்தது. கைத்துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும் என்றது அச்சட்டம். யார் மேல் அது முதலில் பாய்ந்தது தெரியுமா? கப்பலில் வந்து இறங்கிய இத்தாலியர்கள் மேல். அன்றைய பத்திரிகைகளைப் புரட்டினால், கத்தியும் துப்பாக்கியும் வைத்திருப்பது வந்தேறிகளின் குணம் என்ற தொனி பக்கத்துக்குப் பக்கம் கேட்கும். இந்த ஊரில் நம்மை 'மதராசி' என்று விளித்தவர்களின் குரல் அதில் கேட்கவில்லையா? 1913 முதல், வெளியே எடுத்துச் செல்ல வேண்டுமென்றால் 'தக்க காரணம்' காட்ட வேண்டும் என்றும், அது தக்கதா என்பதை அதிகாரி தீர்மானிப்பார் என்றும் ஆயிற்று. பணமும் செல்வாக்கும் உள்ளவனுடைய காரணம் எப்போதும் தக்கதாகவே இருந்தது.

தெற்கே போனால் கதை இன்னும் கறுப்பு. 1956 ஜனவரியில் அலபாமா மாநிலம் மாண்ட்கோமரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் வெடிகுண்டு வீசினார்கள். மனைவியும் கைக்குழந்தையும் உள்ளே இருந்தார்கள். துப்பாக்கி எடுத்துச் செல்ல அனுமதி கேட்டு அவர் விண்ணப்பித்தார், மறுத்து விட்டார்கள். பிற்காலத்தில் அகிம்சையின் உருவமாகப் போற்றப்பட்டவருக்கே அன்று அந்த விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. வீட்டில் குண்டு விழுந்தவனுக்கு இல்லாத தக்க காரணம் வேறு யாருக்கு இருந்திருக்க முடியும்?

பரீட்சை என்ற சொல்லுக்கே அங்கே ஒரு கெட்ட பெயர் உண்டு. வாக்காளர் பட்டியலில் சேர வரும் கறுப்பர்களுக்கு எழுத்தறிவுத் தேர்வு வைத்தார்கள். கேள்வியை அதிகாரி தேர்ந்தெடுப்பார், விடை சரியா என்பதையும் அவரே சொல்வார். படித்த கறுப்பர் தோற்பார், படிக்காத வெள்ளையர் தேறுவார். 1965-இல் வாக்குரிமைச் சட்டம் வந்துதான் அதை முறித்தது. உரிமைக்குத் தேர்வு என்றால் அந்த மக்களுக்கு முதுகு சிலிர்ப்பதில் வியப்பில்லை.

2022 ஜூன் 23-ஆம் தேதி, நியூயார்க்கின் அந்தத் 'தக்க காரண' விதியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தள்ளுபடி செய்தது. பழமைவாத நீதிபதிகளின் தீர்ப்பு என்று பலர் அதைச் சாடினார்கள். ஆனால் அதிகாரியின் மனம்போன போக்குக்கு அடி விழுந்ததைப் பற்றி மட்டும் நாங்கள் கண்ணீர் விடப் போவதில்லை. அதே தீர்ப்பின் அடிக்குறிப்பு ஒன்றில், பின்னணி விசாரணையும் பாதுகாப்புப் பயிற்சியும் கேட்டு, நிபந்தனை நிறைவேறினால் சீட்டு கொடுத்து விடும் மாநிலங்களின் சட்டங்களை இத்தீர்ப்பு சந்தேகிக்கவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். கூடவே, காலதாமதத்தாலும் அளவு மீறிய கட்டணத்தாலும் சாதாரண மனிதனைத் தடுத்தால் அதை எதிர்த்து வழக்குப் போட இடமுண்டு என்றும் இருக்கிறது. மேரிலாந்தில் கைத்துப்பாக்கி வாங்குவதற்கு முன் நான்கு மணி நேர வகுப்பும் ஒரே ஒரு குண்டு சுட்டுக் காட்டுவதும் வேண்டும் என்ற 2013 சட்டம், 2023-இல் மூன்று நீதிபதிகள் முன் தோற்று, 2024-இல் முழு அமர்வின் முன் வென்றது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்து விட்டது.

ஆகவே நாங்கள் இப்படிப் பார்க்கிறோம். தேர்வு என்பதும் அதிகாரியின் இஷ்டம் என்பதும் ஒன்றல்ல, ஒன்றுக்கொன்று பகை. ஏழு கஜத்திலிருந்து சுட்ட குண்டு அட்டையில் துளை போடுகிறதா இல்லையா என்பதற்குச் சுட்டவனின் தோலின் நிறம் தெரியாது, அவன் பேசும் மொழி தெரியாது. கேள்வித்தாள் அச்சில் இருந்து, விடை அச்சில் இருந்து, தேறியவனுக்குச் சீட்டைக் கொடுத்தே தீர வேண்டும் என்றும் இருந்தால், அதிகாரி முகம் பார்க்க இடமே இல்லை. எழுத்தறிவுத் தேர்வின் அநியாயம் தேர்வு என்பதில் இல்லை. கேள்வியும் விடையும் ஒரே மனிதன் வாயில் இருந்ததில் இருந்தது. மேலும், தவறாகப் போட்ட ஓட்டு பக்கத்தில் நிற்பவனின் வயிற்றைத் துளைப்பதில்லை.

கட்டணம் என்று வந்தால் நாங்கள் மறுப்பவர்கள் பக்கம் சேர்ந்து கொள்கிறோம். நியூயார்க் நகரில் விண்ணப்பத்துக்கு மட்டும் 340 டாலர் வாங்கி வந்தார்கள். கைரேகைக்குத் தனிப் பணம். வகுப்புக்கு நூற்றுக்கணக்கில் தனியார் பள்ளிகள் வாங்குவது தனி. இரவு முழுதும் பெட்ரோல் பங்க்கில் தனியாக நிற்கிற கூலிக்காரனுக்கு அது எத்தனை நாள் சம்பளம்? சனி, ஞாயிறு இரண்டு நாள் வகுப்பு என்றால் அவனுக்கு அந்த இரண்டு நாள் கூலியும் போயிற்று. பொதுமக்களின் பாதுகாப்புக்காகத்தான் பயிற்சி என்றால் பொதுமக்களின் பணத்தில்தான் நடக்க வேண்டும். பணக்காரன் மட்டும் தேறக் கூடிய தேர்வு, பழைய தக்க காரணத்தின் தம்பி.

கணவனோ காதலனோ கொல்வேன் என்று மிரட்டும் பெண்ணுக்குப் பதினாறு மணி நேரம் எங்கே இருக்கிறது என்றும் கேட்கிறார்கள். உண்மையான கேள்வி. நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு பெற்ற பெண்ணுக்குத் தற்காலிகச் சீட்டு உடனே கொடுத்து, முதல் வாரத்திலேயே பயிற்சிக்கு இடம் ஒதுக்கினால் போயிற்று. அவளுக்குத்தான் பயிற்சி முதலில் தேவை. பிடுங்கப்பட்ட துப்பாக்கி அவள் மேலேயே திரும்பும்.

பயிற்சி பெற்றவன் மட்டும் தேறினால் போதுமா என்பதற்கு 2016 ஜூலை 6-ஆம் தேதி மினசோட்டாவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்த மாநிலத்தில் சீட்டுக்குப் பயிற்சி கட்டாயம். பிலாண்டோ காஸ்டில் என்ற கறுப்பர் அதைப் பெற்று, சீட்டும் பெற்றிருந்தார். பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் வேலை பார்த்தவர். போலீஸ்காரர் காரை நிறுத்தியதும், தம்மிடம் துப்பாக்கி இருக்கிறது என்று அமைதியாகச் சொன்னார். சில நொடிகளில் போலீஸ்காரர் ஏழு குண்டுகளைச் சுட்டார். காரில் பெண்ணும் நான்கு வயதுக் குழந்தையும் இருந்தார்கள். 2017-இல் அந்தப் போலீஸ்காரர் விடுதலையானார். சட்டம் கேட்டதையெல்லாம் செய்த மனிதர் அவர். அங்கே இருக்கும் நம் பிள்ளைகளும் வெள்ளைத் தோலுடையவர்கள் அல்லர். துப்பாக்கி வாங்கலாமா என்று யோசிக்கிற எவரும் இதை ஒரு இரவு நினைத்துப் பார்க்கட்டும். குடிமகனுக்குத் தேர்வு வைக்கும் சட்டசபை, சீட்டு வைத்திருப்பவரை எப்படி நிறுத்திப் பேசுவது என்று போலீசுக்கும் தேர்வு வைக்க வேண்டும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1878-இல் வெள்ளையர் கொண்டு வந்த ஆயுதச் சட்டத்தில் இந்தியனுக்கு லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியனுக்கு வேண்டாம். 1887-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையில் விபின் சந்திர பாலர் எழுந்து அச்சட்டம் நீங்க வேண்டும் என்று வாதாடினார். சுதந்திரம் வந்தபின் 1959-இல் புதிய ஆயுதச் சட்டம் செய்தோம். நிறபேதம் போயிற்று. அதிகாரியின் இஷ்டம் மட்டும் போகவில்லை. உயிருக்கு ஆபத்து உண்டா என்பதை மாவட்ட அதிகாரி அல்லது போலீஸ் தீர்மானிக்கிறார். யாருடைய உயிருக்கு எப்போதும் ஆபத்து இருக்கிறது என்று பார்த்தால், கட்சிக்காரர், காண்டிராக்டர், நிலக்கிழார். தெருவோரம் வண்டி தள்ளுபவனுக்கு ஆபத்தே கிடையாது போலும்!

அரை நூற்றாண்டுக்கு மேல் விண்ணப்பதாரருக்குப் பயிற்சி உண்டா என்று நம் விதிகள் கேட்கவில்லை. 2016-இல் வந்த ஆயுத விதிகள்தான் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழைக் கட்டாயமாக்கின. கையாளுதல், சுடும் முறை, பராமரிப்பு, பூட்டி வைத்தல், சட்ட அறிவு எல்லாம் பாடத்தில் உண்டு. தாளில் நல்ல விதி. 2019 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தி, ஒருவர் வைத்திருக்கக் கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள். கொண்டாட்டத்தில் சுட்டுப் பிறர் உயிருக்கு ஊறு செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்றார்கள். அதே திருத்தத்தில் லைசென்ஸின் ஆயுளை மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக நீட்டியும் விட்டார்கள்.

நம் ஊரில் இருசக்கர வண்டி லைசென்ஸுக்கு எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். எத்தனை பேர் எட்டுப் போட்டார்கள், எத்தனை பேருக்குத் தரகர் எட்டுப் போட்டார் என்று இங்கே கை தூக்கச் சொன்னால் சங்கடமாகி விடும். துப்பாக்கிச் சான்றிதழுக்கும் அந்தக் கதி வரக் கூடாது. வண்டி ஓட்டத் தெரியாதவன் இரண்டு நாளில் விழுந்து எழுந்து கற்றுக் கொள்கிறான். துப்பாக்கியில் விழுகிறவர் வேறு ஒருவர்.

2014-இல் கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற கைத்துப்பாக்கியை, பெண்கள் கைப்பைக்கு ஏற்றது என்று வெளியிட்டது. 2012-இல் இதே டில்லியில் நடந்த கொடுமையின் நினைவாக வைத்த பெயர். விலை ஏறக்குறைய ஒன்றேகால் லட்ச ரூபாய். ராத்திரி பஸ்ஸில் வீடு திரும்பும் எந்த நர்ஸால் அதை வாங்க முடியும்? பஸ்ஸும் விளக்கும் போலீஸும் தர வேண்டிய சர்க்கார் துப்பாக்கியைக் கைகாட்டுகிறது.

இன்னொரு பக்கம் வங்கி வாசலிலும் நகைக்கடை வாசலிலும் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு நிற்கும் காவலாளி. அவரும் நம்மைப் போலப் பிழைக்க வந்தவர்தான். 2005-இன் தனியார் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2006-இல் வந்த மாதிரி விதிகள், காவலாளிக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் வேண்டும் என்றன. சம்பளத்துக்குத் துப்பாக்கி தூக்குபவனுக்கு 160 மணி நேரம். கௌரவத்துக்குத் துப்பாக்கி தூக்கிக் கல்யாணத்தில் சுடுபவனுக்கு ஒரு சான்றிதழ்த் தாள். அந்தக் காவலாளிக்காவது 160 மணி நேரமும் உண்மையில் நடக்கிறதா என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லுமுன் சிரிப்பார்.

துப்பாக்கியே வேண்டாம் என்பதுதான் நம்மில் பெரும்பாலோர் கட்சி; எங்கள் கட்சியும் அதுவே. ஆனால் சர்க்கார் கொடுக்கிறவரை, எப்படிக் கொடுக்கிறது என்று கேட்காமல் இருக்க முடியாது. உள்துறை அமைச்சகத்துக்கு அனுப்ப ஒரு மனு தயாரித்திருக்கிறோம். பயிற்சி மையங்களின் பட்டியலும் தேறியவர், தோற்றவர் எண்ணிக்கையும் மாவட்டந்தோறும் ஆண்டுக்கு ஒருமுறை வெளியிட வேண்டும். தேர்வை நடத்துபவர் பயிற்சி கொடுத்தவராக இருக்கக் கூடாது. லைசென்ஸ் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் தேர்வு வேண்டும். காவலாளிகளின் பயிற்சிச் செலவை முதலாளி ஏற்க வேண்டும், சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. கல்யாண மண்டபக்காரர் வாசலில் துப்பாக்கிகளை வாங்கி வைக்கப் பொறுப்பாக வேண்டும். இவ்வளவுதான் அதில் இருக்கிறது. மனுவின் பிரதி நுழைவாயில் மேசையில் இருக்கிறது. படித்துப் பார்த்து, திருத்தம் இருந்தால் ஓரத்தில் எழுதி, கையெழுத்திட்டு விட்டுப் போகுமாறு கேட்டுக் கொள்கிறோம். மண்டபத்தை எட்டு மணிக்குக் காலி செய்ய வேண்டும். அதற்குள் கேள்விகளை எடுத்துக் கொள்வோம்.